காலில் விளைந்த கடுகு

உப்பில் எதுவும் உயிரோடு இருக்காது என்பது கொளஞ்சியம்மாளின் வேதம். மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கூடை சுமக்கிறவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாய்ப்புண்ணா, உப்புத்தண்ணீர். சேற்றுப்புண்ணா, உப்புத்தண்ணீர். ஒருமுறை கோழிக்குக் கழிச்சல் வந்தபோதும் அதன் வாயைப் பிளந்து உப்புத்தண்ணீர்தான் ஊற்றினாள். கோழி செத்துப்போனது. அது கோழியின் குற்றம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் கலியபெருமாள் வாயில்லாப் பூச்சி. பாத்திக்குள் நின்று பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பது அவன் வேலை. அதைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் மேட்டில் குவிப்பது அவள் வேலை. பேசுகிற வேலை மட்டும் வீட்டிலும் சரி, அளத்திலும் சரி, முழுக்க அவளுடையது. செருப்போடு இறங்கினால் உப்பு அழுக்காகும் என்பதால் பாத்திக்குள் எல்லோரும் வெறுங்கால்தான். அந்த வெறுங்காலோடு ஒரு தை மாதம் வேலிகாத்தான் புதர்ப் பக்கம் ஒதுங்கப் போனவன், புறங்காலில் முள்ளை வாங்கிக்கொண்டு நொண்டியபடி வந்தான்.

கொளஞ்சியம்மாள் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நோண்டி முள்ளை எடுத்தாள். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து அளத்துக்கே காட்டினாள். "பாத்தீங்களா, முழுசா வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இதுக்கு ஒரு ஊசி, ஒரு மாத்திரைன்னு இழுத்திருப்பானுங்க." முள்ளின் முனை ஒடிந்திருந்ததை அவளும் பார்க்கவில்லை, வேடிக்கை பார்த்தவர்களும் பார்க்கவில்லை. பாத்தியில் உப்பு இறுகிய கடுந்தண்ணீரில் காலை முக்கச் சொன்னாள். அவன் முக்கினான். இரண்டு நாளில் காயம் மூடிக்கொண்டது.

ஆடி பிறந்தபோது அதே இடத்தில், பாதத்தின் மேல்பக்கம், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. தொட்டால் கெட்டியாக இருந்தது. வலி இல்லை. வலிக்காத நோயை யார் மதிக்கிறார்கள்? வலித்திருந்தால் அவனே அலறிக்கொண்டு வைத்தியம் பார்த்திருப்பான். யானைக்கால் என்றார்கள் சிலர். வருஷத்துக்கொரு முறை வீடு வீடாக வந்து கொடுக்கிற யானைக்கால் மாத்திரையை அந்த வருஷம் அவன் இரண்டு பங்காக விழுங்கினான். பொழுது சாய்ந்தால் வாளியில் உப்புத்தண்ணீரும், அதற்குள் காலும், எதிரே கொளஞ்சியம்மாளின் பேச்சுமாக ஐந்து மாதம் போயிற்று. நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆனது.

அதை முதலில் ஒழுங்காகப் பார்த்தவள் பூவிழி.

பூவிழி செஞ்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி. லோடு வண்டி ஓட்டும் தமிழ்வேந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறாள். குழந்தை இல்லை. அளத்தில் அவள்தான் கொளஞ்சியம்மாளுக்குக் கை. ஈர உப்புக் கூடை முப்பது கிலோவுக்குக் குறையாது. எந்தப் பொம்பளையாலும் அதைத் தனியாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரில் ஒருத்தி நின்று விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அதற்குப் பெயர் கை கொடுப்பது. யார் யாருக்குக் கை என்பது சீசன் தொடங்கும்போதே முடிவாகிவிடும். கை இல்லாதவளுக்கு அளத்தில் வேலை இல்லை.

ஒருநாள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது கலியபெருமாள் காலை நீட்டினான். பூவிழி குடித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எழுந்துவந்து குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது யானைக்கால் இல்லக்கா. எங்கப்பாவுக்கு இதே மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல இதுல ஓட்ட விழும். அதுலேர்ந்து கறுப்பா, கடுகு கடுகா வரும். அதுக்கு முன்னாடியே பாண்டிக்கு இட்டுனு போயிடுங்க. மாத்திரையிலேயே சரி பண்ணிடலாமாம்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி?" என்றாள் கொளஞ்சியம்மாள். "ஓட்ட விழுமாம், கடுகு வருமாம். வந்தா தாளிச்சுக் குடுக்கறேன், துன்னுட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். பூவிழியும் சிரித்துவைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கெடுதலாக ஒன்றும் கத்தவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். கெடுவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைக்கும்போது வீக்கத்தின் நடுவே ஊசித் துளை போல ஒன்று கண் திறந்திருந்தது. கொளஞ்சியம்மாள் அழுத்தினாள். சீழோடு கறுப்பாக ஒரு மணி வந்தது. இன்னும் அழுத்தினாள். இன்னும் இரண்டு வந்தன. விரலில் வைத்து உருட்டிப் பார்த்தாள். கடுகேதான். அடுப்படி டப்பாவிலிருந்து கடுகை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எது எது என்று தெரியவில்லை.

அவளுக்குக் கால் நினைவுக்கு வரவில்லை, பாண்டி நினைவுக்கு வரவில்லை. பூவிழி சொன்ன சொல்தான் வந்தது. வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு எப்படித் தெரியும்? மனுஷன் காலுக்குள் கடுகு இருப்பது, வைத்தவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கொளஞ்சியம்மாளுக்கோ பேய்க்குப் பெயரும் தெரிந்திருந்தது, வீடும் தெரிந்திருந்தது.

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லுச்சே" என்றான் கலியபெருமாள்.

"நீ சும்மா கெட" என்றாள்.

மூன்று மணிகளையும் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, திண்டிவனம் பக்கம் குறி சொல்கிறவனிடம் போனாள். அவன் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தான். மூடினான். "இது வரும்னு யாராவது முன்கூட்டியே சொன்னாங்களா?" என்று கேட்டான். சொன்னாள் என்றாள் இவள். "சொன்னவதான் வச்சவ" என்றான் அவன். அதற்கு மேல் அவனுக்கு வேலையே இல்லை. மிச்சத்தையெல்லாம் கொளஞ்சியம்மாளே வழிநெடுக பஸ்ஸில் உட்கார்ந்து முடித்துவிட்டாள். பிள்ளை இல்லாதவள். நம்மைப் பார்த்து வயிறு எரிந்தவள். சீசனின் முதல் உப்பைக் கையிலேயே கொடுத்தவள். கையில் உப்புக் கொடுத்தால் பகை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே.

மறுநாள் காலையில் யாரும் கூடையைத் தொடுவதற்கு முன்னால் வரப்பின் மேல் நின்று தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். பெண்கள் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள். பூவிழியும் பார்த்தாள்.

"வந்துடுச்சாக்கா? நான் சொன்னேன் இல்ல?" என்றாள் அவள், பதறிப்போய்.

அந்த ஒரு வார்த்தையே போதும் என்று ஆகிவிட்டது. "கேட்டீங்களாடி, அவ வாயாலயே ஒத்துக்கிறா!" என்று கொளஞ்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். பூவிழி அப்பா காலைச் சொன்னாள், அது ஏதோ பூஞ்சை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பூஞ்சையாம். ஊறுகாயில் பூப்பது மனுஷன் காலில் பூக்குமா? அதுவும் தினம் உப்பில் ஊறுகிற காலில்? "உப்புல எதுடி உசுரோட இருக்கும்?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டபோது சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோரும் உப்பில் பிழைத்தவர்கள்.

கற்பூரம் வந்தது. தரையில் வைத்து அணைக்கிற சத்தியம் போதாது, கையில் வைத்து எரியவிட வேண்டும் என்றாள் கொளஞ்சியம்மாள். பூவிழி உள்ளங்கையை நீட்டினாள். உப்பு அரித்து வெடித்த கை. ஜெயப்ரியா என்கிற புதுசாகக் கல்யாணமான பெண்தான் தீக்குச்சி கிழித்தாள். அவளைக் கிழிக்கச் சொன்னார்கள், கிழித்தாள். பூவிழி கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் இறங்க, எரிந்து முடியும்வரை கையை மடக்கவில்லை. தோல் கருகிய வாசனை எல்லோருக்கும் வந்தது.

குற்றமற்றவள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மனம் முடிவுக்கு வந்துவிட்ட பிறகு சாட்சி என்ன சொன்னாலும் அதே முடிவைத்தான் சொல்லும். "பாத்தீங்களா, அவளுக்குச் சுடவே இல்ல" என்றாள் கொளஞ்சியம்மாள். "மந்திரம் தெரிஞ்சவளுக்கு நெருப்பு எப்படிச் சுடும்?"

அன்றைக்கு யாரும் பூவிழிக்குக் கை கொடுக்கவில்லை. கூடையை நிரப்பி வைத்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேஸ்திரி பிரபாகரனிடம் போய் முறையிட்டாள். "ஆளுங்க ஒத்துக்கலைன்னா நான் இன்னாம்மா பண்றது? நானா வந்து தூக்கி வைக்க முடியும்?" என்றான் அவன். மறுநாள் வெந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மண்டி போட்டு, தனியாகவே கூடையைத் தலைக்கு ஏற்றப் பார்த்தாள். கூடை சரிந்து உப்பெல்லாம் அவள் மேலேயே கொட்டியது. வெந்த கையில் உப்பு ஏறியபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுக் கொளஞ்சியம்மாள், "இப்ப மட்டும் எரியுதா?" என்று கேட்டாள். அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் தமிழ்வேந்தன் அவளைப் பிறந்த வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். அடித்தான் என்றும் சொல்லிக்கொண்டார்கள். பையோடு பஸ்ஸுக்குப் போகிறவள் கொளஞ்சியம்மாள் வாசலில் நின்றாள்.

"அக்கா, என்ன இன்னா வேணா சொல்லிக்கோங்க. அண்ணன மட்டும் பாண்டிக்கு இட்டுனு போயிடுங்க. எங்கப்பாவுக்கு லேட்டாயிடுச்சுக்கா."

கொளஞ்சியம்மாள் உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளிவந்து அவள் முகத்தில் வீசினாள். பூவிழி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். உள்ளே வாளிக்குள் காலை வைத்துக்கொண்டிருந்த கலியபெருமாளுக்கு எல்லாம் கேட்டது. அவன் எழுந்து வரவில்லை. வாயில்லாப் பூச்சி என்று அவனை எல்லோரும் நல்லவனாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் வாயில்லாமல் இருந்ததில் என்ன நல்லது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு குறிகாரன் வீட்டுக்கு வந்தான். வேப்பிலை அடித்து, காலை அமுக்கி, ஐந்தாறு மணிகளை எடுத்துக் காட்டினான். "பாத்தியா, இறங்குது. நூத்தியெட்டு வெச்சிருக்கா. நூத்தியெட்டும் வந்துட்டா கால் பழையபடி ஆயிடும்" என்றான். இதில்தான் இருக்கிறது கொடுமை. நோய் பெருகப் பெருக மணிகள் நிறைய வந்தன. மணிகள் நிறைய வர வர வீட்டில் சந்தோஷம் பெருகியது. ஒவ்வொரு சாயங்காலமும் கொளஞ்சியம்மாள் காலை அமுக்கி, வந்ததைத் துணியில் துடைத்தெடுத்து எண்ணினாள். "இன்னிக்கு நாலு. மொத்தம் அறுபத்தொன்னு." "இன்னிக்கு ஒம்பது!" அவனுக்கு இப்போது வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டிக்கொடுத்தான். இரண்டாவது துளை விழுந்தது, மூன்றாவது விழுந்தது. வழி பெரிசாகிறது, சீக்கிரம் இறங்கிவிடும் என்றாள். நூற்றியெட்டு வந்த அன்றைக்குப் பாயசம் வைத்தாள். மறுநாள் நூற்றியொன்பதாவது வந்தது.

அதற்கப்புறமும் ஆறு மாதம் எண்ணினாள்.

கார்த்திகையில், அடைமழையில், காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தவனை அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஆட்டோவில் போட்டுப் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மெர்லின் என்று ஒரு டாக்டர் அம்மா, சின்ன வயசு. காலைப் பார்த்ததும் முகம் மாறியது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சதையைக் கொஞ்சம் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்துக் கொளஞ்சியம்மாளை உட்காரவைத்து ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். அதில் சாம்பல் நிறத்தில் வெல்வெட் துணி போல எதுவோ படர்ந்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர் கால்ல இருந்து எடுத்த கறுப்பு மணியை இதுல போட்டோம். அதுதான் இப்படி வளந்திருக்குது. இது பூஞ்சைம்மா."

"அது கடுகும்மா. வெச்சுட்டாங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். பழக்கதோஷம்.

டாக்டர் சிரிக்கவில்லை. "யாரும் வைக்கல. மண்ணுல இருக்கும், முள்ளுல இருக்கும். முள்ளு குத்துனப்ப உள்ள போயிருக்குது. ஒவ்வொரு மணியும் ஒரு ஊரு மாதிரி. கோடிக்கணக்குல ஒன்னாச் சேர்ந்து, மேல கெட்டியா ஓடு கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துது. எலும்பைத் தின்னுட்டுது. பாதத்துல எலும்பே இல்ல இப்போ."

"தெனம் உப்புத்தண்ணியில வெச்சேனேம்மா. உப்புல எப்படி..."

"உங்க உப்பளத்து ஓரத்துல உமரிச் செடி இருக்குதில்ல? அது உப்புல எப்படிப் பச்சையா நிக்குது? அது வேருக்குள்ள பூஞ்சைங்க குடியிருக்குது. அதுங்க ஒத்தாசையாலதான் அது உப்பைத் தாங்குது. உப்புக்கெல்லாம் இதுங்க பயப்படாதும்மா. நம்ம எல்லாருடைய தோல் மேலயும்கூட எத்தனையோ வகை பூஞ்சை இருக்குது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவும். இது இருக்கக்கூடாத எடத்துல பூந்துட்டுது." டாக்டர் தட்டை மூடினார். "மணி வர்றதுக்கு முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே பாத்திருக்கலாம். வந்த உடனே வந்திருந்தாகூடக் காலைக் காப்பாத்தியிருக்கலாம். யாருமே உங்களுக்குச் சொல்லலையா?"

"இல்லம்மா. யாரும் சொல்லல" என்றாள் கொளஞ்சியம்மாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்த கலியபெருமாள் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"எண்ணி முடிச்சிட்டியா?" என்று கேட்டான்.

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவன் அவளிடம் கேட்ட ஒரே குத்தலான கேள்வி அதுதான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள். உண்மையாகவே அழுதாள். பூவிழியின் கை, அந்தக் கருகல் வாசனை, உப்பு விழுந்த கண் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவளைத் தேடிப்போய்க் காலில் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊருக்குப் போனதும் முதல் வேலையாகச் செய்தது வேறு. விசாரிக்க வந்தவர்கள் வாசலிலேயே கேட்டார்கள், "இன்னாக்கா ஆச்சு? டாக்டரு இன்னா சொன்னாரு?" கொளஞ்சியம்மாள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். கற்பூரம் கொண்டுவந்தவள், சிரித்தவள், கூடையைச் சுற்றிக்கொண்டு போனவள், எல்லோரும் இருந்தார்கள். "பலமா வெச்சுட்டா. உசுரோட போவாம காலோட போச்சேன்னு நெனச்சுக்கறோம்" என்றாள். உள்ளே கட்டிலில் கிடந்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பூவிழியைப் பிறந்த வீட்டிலும் வைத்துக்கொள்ளவில்லை, அவள் குயிலாப்பாளையத்தில் ஏதோ கெஸ்ட் ஹவுஸில் துணி துவைக்கிறாள், ஒரு கையை முழுசாக விரிக்க வரவில்லை என்று சேதி வந்தது. குயிலாப்பாளையம் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. அந்தப் பக்கம் போகிற பஸ் தினமும் அளத்தைத் தாண்டித்தான் போகும். கொளஞ்சியம்மாள் அதில் ஏறவே இல்லை.

தை மாதம் மறுபடியும் அளம் தொடங்கியது. இப்போது வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். இந்தச் சீசனுக்கு அவளுக்குக் கை ஜெயப்ரியா. அன்றைக்குத் தீக்குச்சி கிழித்த அதே பெண். கலியபெருமாள் நின்ற பாத்தியில் இப்போது பலகை போடுவது ஜெயப்ரியாவின் புருஷன் சிலம்பரசன். இருபத்தேழு வயசு, குதித்துக் குதித்து வேலை செய்வான்.

ஒருநாள் மதியம் கஞ்சி குடித்து எழுந்தபோது ஜெயப்ரியா தணிந்த குரலில் கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். வலி ஒன்னும் இல்லன்றாரு. மழைக்கு முன்னாடி முள்ளு குத்துச்சு, நான்தான் எடுத்தேன்."

சிலம்பரசன் வெட்கத்தோடு காலை நீட்டினான். பாதத்தின் மேல் நெல்லிக்காய் அளவு வீக்கம். கொளஞ்சியம்மாள் விரலால் அழுத்தினாள். கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டி அவள் விரலுக்கு நன்றாகத் தெரியும். இன்னும் துளை விழவில்லை. மணி வருவதற்கு முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே பார்த்திருக்கலாம் என்ற குரல் காதுக்குள் கேட்டது. இந்தப் பையன் கால் பிழைக்க ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான் இருந்தது.

"மாமாவுக்கு மொதல்ல இப்படித்தான் இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள் ஜெயப்ரியா. "இதுக்கப்புறம் இன்னா ஆவும்?"

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஓட்டை விழும், கறுப்பாகக் கடுகு கடுகாக வரும். கொளஞ்சியம்மாள் ஜெயப்ரியாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் அறியாத, பயந்த, எதையும் நம்பத் தயாராக இருந்த முகம். அந்த வார்த்தையைச் சொன்னவளுக்கு இதே வரப்பில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பூவிழி சொன்னது நிஜம் என்று சொல்லாமல் இதைச் சொல்லவும் வழியில்லை. அதைச் சொன்னால் இந்த அளத்தில் அவளை எவள் மதிப்பாள், எவள் கை கொடுப்பாள்? வீட்டில் ஒற்றைக்கால்காரன் கஞ்சிக்குக் காத்துக்கொண்டிருக்கிறான்.

"ஒன்னும் ஆவாதுடி" என்றாள் கொளஞ்சியம்மாள். "தெனம் உப்புத்தண்ணியில முக்கி வெக்கச் சொல்லு. உப்புல எதுவும் உசுரோட இருக்காது."

ஜெயப்ரியாவின் முகம் தெளிந்தது. "நல்லவேளைக்கா, நான் இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள். சிலம்பரசன் எழுந்து பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினான்.

கொளஞ்சியம்மாள் நிரம்பிய கூடைக்கு முன்னால் போய்க் குனிந்தாள். "கை குடுடி" என்றாள். ஜெயப்ரியா ஓடிவந்து எதிரில் நின்று, விளிம்பைப் பிடித்துத் தூக்கி, கூடையை அவள் தலையில் ஏற்றிவிட்டாள்.